மருந்து நிறுவனங்களில் நிதித் திட்டமிடலும் பகுப்பாய்வும்

நிதித் திட்டமிடலும் பகுப்பாய்வும் என்பது ஒரு நிறுவனத்தின் எதிர்கால வருவாய், செலவு, பணப்புழக்கம் ஆகியவற்றை மதிப்பிட்டு, நடப்பு முடிவுகளை அந்த மதிப்பீட்டுடன் ஒப்பிட்டு, நிர்வாகம் முடிவெடுக்க உதவும் பணியாகும். அலுவலகங்களில் இது எஃப்.பி. அண்ட் ஏ. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. கணக்கியல் துறை நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. இத்துறை இனி நடக்கவிருப்பதை எண்களில் சொல்ல முயல்கிறது.

எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் இத்துறை உண்டு. மருந்து நிறுவனங்களில் இதன் பணி மூன்று காரணங்களால் தனித்தன்மை பெறுகிறது. முதலாவது, ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி தோல்வியடையும் மருந்துகளுக்கே போகிறது. இரண்டாவது, வெற்றி பெற்ற மருந்தின் தனியுரிமை குறிப்பிட்ட ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது, மருந்தை விற்ற பிறகும் அதற்குக் கிடைத்த உண்மையான விலை பல மாதங்களுக்குத் தெரிவதில்லை. இவற்றுடன், மதிப்பீடு தவறினால் ஏற்படும் விளைவு நிறுவனத்தின் இலாபத்தோடு நிற்பதில்லை. குறைவாகக் கணித்தால் மருந்துக் கடையில் தட்டுப்பாடு ஏற்படும். மிகுதியாகக் கணித்தால் காலாவதியான மருந்து அழிக்கப்படும்.

ஆண்டுச் சுழற்சி

இத்துறையின் வேலை ஒரு ஆண்டுச் சுழற்சியில் நடைபெறுகிறது. இந்திய நிறுவனங்களில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரையும், பெரும்பாலான அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களில் சனவரி முதல் திசம்பர் வரையும் அமைகிறது. ஆண்டு தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பட்ஜெட் பணி தொடங்கும். விற்பனை, உற்பத்தி, ஆராய்ச்சி, மனிதவளம் ஆகிய பிரிவுகள் தத்தம் எண்களைத் தருகின்றன. அவற்றைத் தொகுத்து, ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வது பகுப்பாய்வாளரின் வேலை. விற்பனைப் பிரிவு பத்து இலட்சம் அட்டைகள் விற்பதாகச் சொல்லி, ஆலை எட்டு இலட்சம் மட்டுமே தயாரிப்பதாகச் சொன்னால், அந்த இடைவெளி முதலில் தெரிவது இங்கேதான்.

ஆண்டு தொடங்கிய பின் பட்ஜெட் மாற்றப்படுவதில்லை. மாறாக முன்கணிப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. ஐந்து மாத உண்மைக் கணக்கும் மீதி ஏழு மாத மதிப்பீடும் சேர்ந்த முன்கணிப்பை "5+7" என்று குறிப்பது வழக்கம். இவற்றுக்கு அப்பால், ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கான நீண்டகாலத் திட்டம் ஒன்றும் இருக்கும். ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்பதால், இத்துறையில் நீண்டகாலத் திட்டத்திற்குப் பட்ஜெட்டுக்கு நிகரான முக்கியத்துவம் உண்டு.

ஒவ்வொரு மாதமும் கணக்கு முடிக்கப்பட்டதும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்யப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் அட்டை 50 ரூபாய் வீதம் 1,00,000 அட்டைகள் விற்கும் என்று பட்ஜெட் போடப்பட்டிருந்தது எனக் கொள்வோம். உண்மையில் 45 ரூபாய் வீதம் 1,10,000 அட்டைகள் விற்றன. பட்ஜெட் 50 இலட்சம், விற்பனை 49.5 இலட்சம். வித்தியாசம் வெறும் 50,000 ரூபாய் என்பதால் கவலை இல்லை என்று தோன்றலாம். பிரித்துப் பார்த்தால், எண்ணிக்கை கூடியதால் 5 இலட்சம் கூடுதலும், விலை குறைந்ததால் 5.5 இலட்சம் குறைவும் ஏற்பட்டிருப்பது தெரியும். விலை விழுந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி மொத்தத் தொகையில் மறைந்து கிடந்தது. இதை வெளிக்கொணர்வதே மாறுபாட்டுப் பகுப்பாய்வின் பயன்.

விற்பனை முன்கணிப்பு

ஏற்கெனவே சந்தையில் உள்ள மருந்துக்குக் கடந்தகால விற்பனைப் போக்கை அடிப்படையாகக் கொள்ளலாம். புதிய மருந்துக்கு அது இல்லை. எனவே நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஒரு நாட்டில் அந்த நோய் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர், மருத்துவம் பெறுபவர்கள் எத்தனை பேர், இந்த வகை மருந்துக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவர் இந்த மருந்தை எழுதுவார், எழுதியதை எத்தனை மாதம் விடாமல் உட்கொள்வார்கள் என ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை சுருங்கும். இறுதியில் கிடைக்கும் எண்ணை விலையால் பெருக்கினால் விற்பனை மதிப்பீடு கிடைக்கிறது.

இக்கணக்கில் ஏதேனும் ஒரு படி தவறினாலும் முடிவு முற்றிலும் மாறிவிடும். ஃபைசர் நிறுவனத்தின் எக்சுபெரா இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஊசிக்கு மாற்றாக மூச்சு வழியே உள்ளிழுக்கும் இன்சுலினாகிய இதற்கு 2006 சனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஊசியை விரும்பாத நீரிழிவு நோயாளிகள் ஏராளம் என்பதால் பெரும் விற்பனை எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் கருவி பெரிதாக இருந்தது. பயன்படுத்துவதற்கு முன் நுரையீரல் சோதனை தேவைப்பட்டது. மருத்துவர்களும் நோயாளிகளும் அதை ஏற்கவில்லை. 2007 அக்டோபரில் ஃபைசர் அதைக் கைவிட்டு, 280 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதியது. நோயாளிகளின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. எத்தனை பேர் இதற்கு மாறுவார்கள் என்ற படிதான் தவறியது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். செமாகுளுடைடு ஊசி மருந்துகளுக்கான தேவை உற்பத்தியை விஞ்சியதால், 2022 முதல் 2025 பிப்ரவரி வரை அவை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. புதிய ஆலை கட்டி ஒப்புதல் பெறப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே மருந்துத் துறையில் தேவையைக் காலம் தாழ்த்தி உணர்ந்தால் பணத்தைக் கொண்டு அதை உடனே ஈடுகட்ட முடிவதில்லை.

மொத்த விற்பனையிலிருந்து நிகர விற்பனை

மருந்தின் பட்டியல் விலைக்கும் நிறுவனத்தின் கையில் சேரும் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்கிடுவது இத்துறையின் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. அமெரிக்காவில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. காப்பீட்டாளர்களுக்காக மருந்துப் பட்டியலை நிருவகிக்கும் நிறுவனங்களுக்குத் தள்ளுபடி, மொத்த வணிகர்களுக்கு ஈடு, விரைந்து பணம் செலுத்துவோருக்குக் கழிவு, காலாவதியாகித் திரும்பும் சரக்கு, நோயாளியின் பங்குத் தொகைக்கு உதவி எனக் கழிவுகள் அடுக்கடுக்காக உள்ளன. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்திற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தள்ளுபடி தர வேண்டும். பெரும்பாலான வணிகப்பெயர் மருந்துகளுக்கு இதன் அடிப்படை அளவு சராசரி உற்பத்தியாளர் விலையில் 23.1 விழுக்காடு. விலையைப் பணவீக்கத்தைவிட வேகமாக உயர்த்தினால் கூடுதல் தள்ளுபடியும் சேரும்.

இத்தள்ளுபடிக் கோரிக்கைகள் மருந்து விற்றுப் பல மாதங்கள் கழித்தே வந்து சேரும். ஆனால் விற்பனையை அந்தந்தக் காலாண்டிலேயே நிகர மதிப்பில் காட்ட வேண்டும் என்கிறது 2018இல் நடைமுறைக்கு வந்த ஐ.எப்.ஆர்.எசு. 15 என்னும் கணக்கியல் தரம். எனவே வரவிருக்கும் கழிவை முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்க வேண்டியுள்ளது. ஒதுக்கீடு குறைவாக இருந்தால் இன்றைய இலாபம் மிகையாகத் தெரியும். பின்னொரு காலாண்டில் அது இழப்பாகத் திரும்பும்.

சட்டத்தில் ஒரு வரி மாறினால் விலைக் கொள்கையே மாறும் என்பதற்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. மெடிக்கெய்டு தள்ளுபடி மருந்தின் சராசரி விலையைத் தாண்டக்கூடாது என்றிருந்த உச்சவரம்பு 2024 சனவரி 1 அன்று நீக்கப்பட்டது. நெடுங்காலமாக விலை உயர்ந்துவந்த மருந்துகளுக்கு, விற்கும் ஒவ்வொரு அலகிற்கும் விலையைவிட அதிகத் தள்ளுபடி தர நேரிடும் நிலை உருவானது. எலி லில்லி, நோவோ நோர்டிசுக்கு, சனோஃபி ஆகிய மூன்று நிறுவனங்களும் 2023 மார்ச்சில் தம் இன்சுலின்கள் சிலவற்றின் பட்டியல் விலையை 70 விழுக்காடு அளவிலும் அதற்கு மேலும் குறைப்பதாக அறிவித்தன. மக்களின் எதிர்ப்பும் அரசியல் அழுத்தமும் இதற்குக் காரணங்களாக இருந்தாலும், உச்சவரம்பு நீக்கமும் ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டப்படுகிறது.

ஆராய்ச்சியின் மதிப்பு

ஆராய்ச்சியிலுள்ள மருந்தின் மதிப்பைக் கணக்கிட, இடர் சரிசெய்த நிகர நிகழ்கால மதிப்பு என்னும் முறை பயன்படுகிறது. பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. ஒரு மருந்து இரண்டாம் கட்டச் சோதனையைத் தொடங்கவுள்ளது. வெற்றி பெற்றால் அதன் வருங்காலப் பணவரவின் இன்றைய மதிப்பு 1,000 கோடி ரூபாய். இரண்டாம் கட்டத்தில் வெற்றி வாய்ப்பு 30 விழுக்காடு, மூன்றாம் கட்டத்தில் 60, ஒப்புதல் பெற 90. மூன்றையும் பெருக்கினால் 16.2 விழுக்காடு. எனவே வரவின் எதிர்பார்ப்பு மதிப்பு 162 கோடி. இரண்டாம் கட்டச் செலவு 40 கோடி. மூன்றாம் கட்டச் செலவு 200 கோடி என்றாலும், அது நடக்கும் வாய்ப்பு 30 விழுக்காடே என்பதால் 60 கோடி மட்டும் கழிக்கப்படுகிறது. மீதி 62 கோடி ரூபாயே இன்றைய மதிப்பு.

இதே கணக்கில் இரண்டாம் கட்ட வெற்றி வாய்ப்பை 15 விழுக்காடாக மாற்றினால் மதிப்பு 11 கோடியாகச் சரிந்துவிடும். ஆனால் அந்த வாய்ப்பு எவ்வளவு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தன் ஆய்வைத் தொடர விரும்பும் அறிவியலாளர் அதைக் கூட்டிச் சொல்லக்கூடும். ஆகவே இறுதி விடையை மட்டும் காட்டாமல், எந்த ஊகம் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் சேர்த்துக் காட்டுவது நல்ல பகுப்பாய்வின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஒரு புதிய மருந்தை உருவாக்க ஆகும் செலவு குறித்த ஆய்வுகளிலும் இதைக் காணலாம். டஃப்ட்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கு சுமார் 260 கோடி டாலர் என்றது. 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு இடைநிலை மதிப்பாக 98.5 கோடி டாலரைக் கண்டது. எடுத்துக்கொண்ட மருந்துகளும் தரவு மூலங்களும் ஊகங்களும் வேறுபட்டதால் விடைகளும் வேறுபட்டன.

கணக்கியல் விதியும் இங்கு கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சிக் கட்டச் செலவு முழுவதும் அந்த ஆண்டின் செலவாகவே எழுதப்படும். மேம்பாட்டுக் கட்டச் செலவைச் சில நிபந்தனைகள் நிறைவேறினால் சொத்தாகக் காட்டலாம் என்கிறது ஐ.ஏ.எசு. 38 தரம். எனினும் ஒப்புதல் கிடைக்குமா என்பது உறுதியற்றது என்பதால், பெரும்பாலான மருந்து நிறுவனங்கள் ஒப்புதலுக்கு முந்தைய சொந்த ஆராய்ச்சிச் செலவைச் சொத்தாகக் காட்டுவதில்லை. இதனால் ஒரு பெரிய சோதனை சில வாரங்கள் முன்னே பின்னே தொடங்கினாலும் காலாண்டு இலாபம் மாறிவிடுகிறது.

காப்புரிமை முடிவு

காப்புரிமை முடிந்து ஜெனரிக் எனப்படும் பொதுப்பெயர் மருந்துகள் வந்ததும் விற்பனை செங்குத்தாகச் சரிவதைக் காப்புரிமைச் சரிவு என்பர். கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டார் மருந்தின் அமெரிக்கத் தனியுரிமை 2011 நவம்பர் இறுதியில் முடிந்தது. அதன் உலக விற்பனை 2011இல் சுமார் 960 கோடி டாலர். 2012இல் 395 கோடி டாலர்.

உயிரியல் மருந்துகளில் சரிவு சற்று மெதுவாக நிகழ்கிறது. ஆப்வீ நிறுவனத்தின் ஹியூமிராவுக்கு 2023 சனவரியில் அமெரிக்காவில் போட்டி தொடங்கியது. 2022இல் 2,120 கோடி டாலராக இருந்த அதன் விற்பனை 2023இல் 1,440 கோடியாகவும் 2024இல் சுமார் 900 கோடியாகவும் இறங்கியது. அந்நிறுவனம் இந்த நாளை முன்கூட்டியே அறிந்து ஸ்கைரிசி, ரின்வோக் என்னும் இரு புதிய மருந்துகளை வளர்த்துவந்தது. 2024இல் அவ்விரண்டும் சேர்ந்து சுமார் 1,770 கோடி டாலர் ஈட்டின. முடியும் நாள் தெரிந்திருப்பது இத்துறைக்குக் கிடைத்த அரிய வசதி. நீண்டகாலத் திட்டம் அதைப் பயன்படுத்தியே அமைகிறது.

2022இல் இயற்றப்பட்ட அமெரிக்கப் பணவீக்கக் குறைப்புச் சட்டம் இக்கணக்கில் புதிய நாள் ஒன்றைச் சேர்த்தது. முதியோருக்கான மெடிகேர் திட்டம் பேரம் பேசி முடிவுசெய்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நீரிழிவு மருந்தான சனுவியாவின் 30 நாள் பட்டியல் விலை 2023இல் 527 டாலராக இருந்தது. பேசி முடித்த விலை 113 டாலர்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997 முதல் இயங்குகிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு உச்சவிலை உண்டு. சந்தையில் ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ள வணிகப்பெயர்களின் சில்லறை வணிகர் விலைகளைச் சராசரியாக்கி, அதன் மேல் 16 விழுக்காடு சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டு எண்ணின் மாற்றத்திற்கு ஏற்ப ஏப்ரல் முதல் அதைத் திருத்தலாம். அனுமதிக்கப்பட்ட உயர்வு 2023இல் 12.12 விழுக்காடு, 2024இல் 0.00551 விழுக்காடு. 2016இல் குறியீடு இறங்கியதால் விலையைச் சுமார் 2.7 விழுக்காடு குறைக்க நேர்ந்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளின் அதிகபட்சச் சில்லறை விலையை ஆண்டுக்கு 10 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தக் கூடாது. எனவே உள்நாட்டுப் பிரிவின் பட்ஜெட்டில் விலை என்பது பெரிதும் நிறுவனத்தின் கையில் இல்லாத எண்ணாகும்.

உள்நாட்டு விற்பனையில் முதன்மை விற்பனை, இரண்டாம்நிலை விற்பனை என்ற பிரிவு முக்கியமானது. நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்புவது முதன்மை விற்பனை. ஸ்டாக்கிஸ்ட் மருந்துக் கடைக்கு விற்பது இரண்டாம்நிலை விற்பனை. முதலாவது உயர்ந்து இரண்டாவது அப்படியே நின்றால், சரக்கு கிடங்கில் தேங்குகிறது என்று பொருள். அது பின்னர் காலாவதியாகித் திரும்பி வரும்.

ஏற்றுமதிப் பிரிவில் அமெரிக்கச் சந்தையின் விலைச் சரிவு, டாலர் மதிப்பு, மூலப்பொருள் விலை ஆகியவை கவனிக்கப்படுகின்றன. புற்றுநோய் மருந்தான ரெவ்லிமிட் மற்றொரு பாடத்தைத் தந்தது. வழக்குத் தீர்வுகளின்படி சில இந்திய நிறுவனங்கள் 2022 முதல் 2026 சனவரி இறுதி வரை வரையறுக்கப்பட்ட அளவில் அதன் பொதுப்பெயர் வடிவத்தை அமெரிக்காவில் விற்கலாம் என்றிருந்தது. அக்காலத்தில் இலாபம் மிகுந்தது. முடியும் நாள் தெரிந்த இவ்வருவாயை நிலையான வருவாயிலிருந்து பிரித்துக் காட்டாவிட்டால், வளர்ச்சி பற்றிய கணிப்பு தவறாகிவிடும்.

இலக்கும் முன்கணிப்பும்

இலக்கு என்பது நிறுவனம் அடைய விரும்பும் எண். முன்கணிப்பு என்பது நடக்கக்கூடியதாகக் கருதப்படும் எண். இவ்விரண்டும் கலக்கும்போது பெருந்தவறுகள் நேர்கின்றன. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் காலாண்டு இலக்குகளை எட்டுவதற்காக மொத்த வணிகர்களிடம் தேவைக்கு மேல் சரக்கைக் குவித்ததாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் 2004இல் 15 கோடி டாலர் செலுத்தத் தீர்வு கண்டது. குவித்த சரக்கு புதிய தேவையாகாது. அடுத்த காலாண்டின் விற்பனையை இந்தக் காலாண்டிற்கு இழுத்து வருவதே அதன் விளைவு. பள்ளம் ஒவ்வொரு முறையும் பெரிதாகும்.

தவறை ஒப்புக்கொண்டு எண்ணைத் திருத்துவதும் இப்பணியின் பகுதியே. கொரோனா தடுப்பூசி, பாக்ஸ்லோவிட் ஆகியவற்றால் ஃபைசரின் வருவாய் 2022இல் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. பெருந்தொற்று தணிந்தபின் எத்தனை பேர் தொடர்ந்து தடுப்பூசி போட்டுக்கொள்வார்கள் என்பதைக் கணிக்க முன்னுதாரணம் இல்லை. 2023 அக்டோபரில் அந்நிறுவனம் அவ்வாண்டு வருவாய் மதிப்பீட்டை 900 கோடி டாலர் குறைத்தது. தேங்கிய சரக்கு தொடர்பாகச் சுமார் 550 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. கூடவே செலவுக் குறைப்புத் திட்டத்தையும் அறிவித்தது. முன்கணிப்பில் ஏற்படும் பிழை இறுதியில் பணியாளர்களின் வேலையையும் தொடும் என்பதை இது காட்டுகிறது.

தகுதிகளும் பணிச்சூழலும்

இந்தியாவில் பட்டயக் கணக்கறிஞர், செலவுக் கணக்கறிஞர், நிதிப் பிரிவில் மேலாண்மைப் பட்டம் பெற்றோர் இத்துறையில் சேர்கின்றனர். மருந்தியல் படித்துப் பின்னர் மேலாண்மை பயின்றோரும் உண்டு. எக்செல் அன்றாடக் கருவி. அதனுடன் எசு.ஏ.பி. போன்ற நிறுவன வள மென்பொருள்களும், பவர் பிஐ போன்ற காட்சிப்படுத்தும் மென்பொருள்களும் பயன்படுகின்றன. பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் தம் உலகளாவிய நிதிப் பணிகளின் ஒரு பகுதியை இந்திய மையங்களில் செய்கின்றன. நோவார்ட்டிசு ஐதராபாத்திலும் அஸ்ட்ராசெனெக்கா சென்னையிலும் பெரிய மையங்களை நடத்துகின்றன.

மாத முடிவிலும் பட்ஜெட் காலத்திலும் வேலை நேரம் நீளும். பிற நாட்டு அலுவலகங்களின் நேரத்திற்கேற்ப மாலைக் கூட்டங்களும் இருக்கும். மருந்து, நோய், சட்டம், காப்புரிமை ஆகியவற்றை ஓரளவேனும் அறியாமல் எண்களை மட்டும் கையாள்வது இத்துறையில் பயன் தருவதில்லை. கணக்கீட்டுத் திறனுக்கு இணையாக மதிக்கப்படும் மற்றொரு திறன், பிடிக்காத எண்ணை உரிய காலத்தில் நிர்வாகத்திடம் சொல்வதாகும். ஏப்ரலில் சொல்லப்படும் குறைவுக்கு உற்பத்தியை மாற்றவும் செலவைத் திருத்தவும் நேரம் இருக்கும். அதே குறைவு மார்ச்சில் தெரியவந்தால், எஞ்சியிருப்பது சரக்கை அழிப்பதும் விளக்கம் எழுதுவதும் மட்டுமே.